தண்ணியைக் கேட்டுப் படகு கட்டு

வாசுதேவநல்லூரில் நின்றுகொண்டு ‘இந்த ஊருக்கு ஒரு படகு வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் கிடைப்பது சிரிப்பு. “படகா? இங்க என்னவே கடலா கெடக்கு?” என்பது அடுத்தது. மேற்கே மலை, கிழக்கே கரிசல், நடுவில் மதுரை - தென்காசி ரோடு. கரும்பும் எலுமிச்சையும் விளைகிற பூமி. கடல் பார்க்க வேண்டுமென்றால் திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏற வேண்டும். ஆக, அந்தச் சிரிப்பில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அந்த நியாயம் 2023 டிசம்பர் 17ஆம் தேதி வரைக்கும் செல்லுபடியானது. அதற்குப் பிறகும் சிரிப்பவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

அந்த ஞாயிறும் திங்களும் என்ன நடந்தது என்பது தென் மாவட்டங்களில் யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையைத் தாண்டியது. குளங்கள் வரிசையாக உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ், நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் தீவு மாதிரி நின்றது. அப்போது உள்ளூர்களுக்குள் ஆள் எடுக்க வந்தவர்களில் கடற்கரை மீனவர்களும் இருந்தார்கள், தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு. 2015இல் சென்னையிலும் இதே கதைதான். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் நடந்தது இன்னும் பெரிது: அரசுக் கணக்குப்படி 669 படகுகள், 4,537 மீனவர்கள், அவர்கள் மீட்டவர்கள் 65,000 பேருக்கு மேல்.

நன்றி சொல்ல வேண்டிய காரியம்தான், சொல்லியும் ஆயிற்று. ஆனால் இதை வேறு விதமாகவும் படிக்கலாம். வெள்ளம் வந்தது உள்நாட்டு ஊர்களுக்குள். அந்த ஊர்களில் படகு இல்லை. கடலுக்காகக் கட்டிய படகு லாரி ஏறி, காம்பவுண்டுச் சுவரிலும் வேலிக் கம்பியிலும் இடித்துக்கொண்டு வந்து சேரும் வரை ஜனங்கள் மாடியில் காத்திருந்தார்கள். கடல் இருக்கிற ஊரில் படகும் இருக்கிறது, அதை ஓட்டுகிற ஆளும் இருக்கிறார். கடல் இல்லாத ஊரில்தான் இரண்டும் கிடையாது. அப்புறம் எந்த ஊருக்கு வாங்கிவைக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளையே சொல்லிவிடும்.

ஆகவே ‘படகு வேணுமா வேண்டாமா’ என்பதோடு என் சண்டை நிற்பதில்லை. எந்த வடிவத்துப் படகு, எதனால் செய்த படகு, அதை யார் முடிவு செய்வது என்பதுதான் விஷயம். ஏனென்றால், நாளைக்கே பணம் வந்து ஒரு படகு வாங்குவதாக முடிவானால், என்ன வாங்குவார்கள் என்று இப்போதே சொல்லிவிட முடியும்.

ஒரு கட்சி கேட்லாக்கைப் புரட்டும். அதில் அன்னப்பறவைக் கழுத்தோடு ஒரு பெடல் படகு இருக்கும். பக்கத்தில் ‘ஸ்டாண்டர்டு’ ஃபைபர் படகு ஒன்று இருக்கும். குறைந்த விலை எழுதியவருக்கு ஆர்டர் போகும். படகு வரும், மாலை போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். இரண்டாம் வருஷம் அதே படகு ஏதாவது ஆபீஸ் பின்புறம் கவிழ்ந்து கிடக்கும், அடியில் நாய் குட்டி போட்டிருக்கும். குற்றாலம் சீசனில் வெண்ணமடைக் குளத்தில் பெடல் படகு விடுவதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. குழந்தைகள் மிதிக்கட்டும், சாரலில் நனையட்டும். அந்தத் தண்ணீருக்கும் அந்த வேலைக்கும் அது சரி. ஆள் எடுக்கவும், மடையடைப்பு எடுக்கவும், ஆகாயத்தாமரை அள்ளவும் அதே கேட்லாக்கைப் புரட்டுவதைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு கட்சி நம்முடைய கட்சி. புத்தகம் படிக்கிறவர்கள், இந்த மாதிரி இணைய இதழ்களில் கட்டுரை எழுதுகிறவர்கள், வாசிக்கிறவர்கள். படகு என்ற உடனே நமக்குக் கண் கலங்கிவிடும். ‘மரபுப்படி மரத்தில் கட்டணும்’ என்போம். ‘இங்கிலீஷ்காரனுக்கே கட்டுமரம் என்ற சொல்லை நாம்தான் கொடுத்தோம் தெரியுமா?’ என்போம். தெரியும். அந்தச் சொல் இங்கிலீஷுக்குப் போய், பக்கத்துப் பக்கமாக இரண்டு உடல் வைத்த உல்லாசப் படகுக்குப் பெயராகிவிட்டது என்பதும் தெரியும். நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடலும் கிடையாது, ஒரு உடலும் கிடையாது. சொல்லைக் கொடுத்த பெருமையைப் பேசுகிறவர்களில் எத்தனை பேர், அது ஏன் ஆணி அடிக்காமல் கட்டப்பட்டது என்று கேட்டிருப்பார்கள்?

கேட்டால் பதில் அழகாக இருக்கிறது. சோழமண்டலக் கரையில் இயற்கையான துறைமுகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மணற்கரை, ஓயாத அலை. அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போக வேண்டும், திரும்பும்போது அதே அலையில் மணலில் வந்து மோத வேண்டும். குழிவான படகு என்றால் அலை ஒன்று உள்ளே விழுந்தால் போதும், தொட்டி மாதிரி நிரம்பிவிடும். கட்டுமரத்தில் நிரம்ப இடமே இல்லை. இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை அது. மேலே விழுந்த தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப்போடலாம், ஊறின மரம் கனக்கும் என்பதால் காயப்போட்டே ஆக வேண்டும். இத்தனையும் ‘அலையடிக்கிற மணற்கரையில் மூன்று பேர் எப்படிப் போய்த் திரும்புவது’ என்ற ஒரே கேள்விக்கான விடை.

மசூலாப் படகும் அதே அலைக்கு வேறொரு விடை. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலாக்கள். பலகைகளைக் கயிற்றால் தைத்து, உள்ளே சட்டம் கிட்டம் எதுவும் வைக்காமல் கட்டுவார்கள். மணலில் மோதினால் ஆணியடித்த ஐரோப்பியப் படகு உடைந்தது. தைத்த படகு நெளிந்துகொடுத்துத் தப்பியது. விறைப்பாக இருப்பதுதான் பலம் என்று நம்பியவர்களுக்கு அந்தக் கரை பாடம் எடுத்தது.

சரி, இந்தக் கட்டுமரத்தை எங்கள் கண்மாயில் கொண்டுவந்து விடுங்கள். அலை கிடையாது, உடைகிற நுரை கிடையாது. மேலே ஏற்றிய கிழவி இடுப்பு வரை நனைவாள், பிடித்துக்கொள்ள விளிம்பு இருக்காது. மசூலாவை விடுங்கள். பத்து மாசம் வெயிலில் காய்ந்த பலகை சுருங்கி, தையல் இடுக்கெல்லாம் விரிந்து, வெள்ளத்தன்று இறக்கிய ஐந்தாவது நிமிஷம் உள்ளே தண்ணீர் நிற்கும். கேள்வி மாறிவிட்டது, விடையை மட்டும் தூக்கிவந்தால் எப்படி? முன்னோர் செய்ததையே திரும்பச் செய்வது மரபாகாது. தண்ணீரைப் பார்த்து, கரையைப் பார்த்து, கையில் இருந்த மரத்தைப் பார்த்து அவர்கள் யோசித்தார்கள். அந்த யோசனையைத் தொடர்வதற்குத்தான் மரபு என்று பெயர்.

அலைக்கு விடை கடற்கரையில் இருந்தது என்றால், ஓடுகிற தண்ணீருக்கு விடை காவிரியில் இருக்கிறது. ஒகேனக்கல் பரிசல். மூங்கில் பிளாச்சு கூடை, முன்பு தோல் போர்த்தியது, இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். வட்ட வடிவம், தட்டையான அடி. அதற்கு முன் என்றோ பின் என்றோ ஒன்றும் இல்லை. ஒரே துடுப்பு. அரையடித் தண்ணீரிலும் மிதக்கும். பாறையில் இடித்தால் உடையாமல் சுழன்று விலகும். ஓட்டை விழுந்தால் அரை மணி நேரத்தில் ஓட்டுகிறவரே ஒட்டிவிடுவார். ஆற்றில் நீர்வரத்து கூடினால் ‘பரிசல் இயக்கத் தடை’ என்று பேப்பரில் செய்தி வருகிறதே, அதுவும் இந்த அறிவின் பகுதிதான். எந்தத் தண்ணீருக்கு இந்தப் படகு ஆகாது என்பதும் தெரிந்திருக்கிறது.

உலகத்தின் இன்னொரு மூலையில், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து மெக்கன்ஸி ஆற்றில், மீன்பிடி வழிகாட்டிகள் கிட்டத்தட்ட இதே கேள்விக்கு வேறு விடை கண்டார்கள். அந்தப் படகுக்கு டிரிஃப்ட் போட் என்று பெயர். ஆற்றோடு போகிற படகு. அடி தட்டை. ஆனால் முன்னும் பின்னும் தொட்டில் மாதிரி மேலே வளைந்திருக்கும், ஆகையால் நடுப்பாகம் மட்டும்தான் தண்ணீரைத் தொடும், நின்ற இடத்தில் திருப்பலாம். பக்கச்சுவர்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும், ஒரு பக்கம் அமுங்க அமுங்க அந்தப் பக்கம் அகலம் கூடித் தாங்கும். வழக்கமான துடுப்புப் படகில் ஓட்டுகிறவர் போகிற திசைக்கு முதுகு காட்டி உட்காருவார். இதில் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்து, துடுப்பைப் பின்னுக்கு வலித்து, ஆற்றைவிட மெதுவாகப் படகை இறக்குவார். பாறையை முன்கூட்டியே பார்த்து விலக அதுதான் வழி.

எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிந்தைய வரலாறு. முதலில் மரப்பலகையில் கட்டினார்கள். பிளைவுட் வந்ததும் பிளைவுட்டுக்கு மாறினார்கள். பிறகு ஃபைபர், அலுமினியம். பாறையில் ஃபைபர் வழுக்கிப் போகும், அலுமினியம் நசுங்கும் ஆனால் லேசில் கிழியாது, பிளைவுட்டை வீட்டு முற்றத்திலேயே கட்டலாம், ஒட்டுப் போடலாம் என்று அவர்களுக்குள் இன்றைக்கும் வாதம் ஓயவில்லை. பொருள் மூன்று முறை மாறியது. வடிவத்தின் அடிப்படை மாறவில்லை, ஏனென்றால் ஆறு மாறவில்லை. முதலில் தண்ணீர், அடுத்து வடிவம், அதற்கடுத்துத்தான் பொருள். நம் ஆட்கள் செய்வது தலைகீழ். ‘ஃபைபர்ல ஒண்ணு சொல்லிருவோம்’ என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது.

இந்தத் தலைகீழ் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் கரையிலேயே சாட்சி உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆயிரக்கணக்கான கட்டுமரங்களும் வள்ளங்களும் போயின. நிவாரணப் பணம் குவிந்தது. பணத்தைச் சீக்கிரம் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டிய அவசரம் பல அமைப்புகளுக்கு. எண்ணிக்கையில் காட்டத் தோதானது ஃபைபர் படகு. அச்சு ஒன்று இருந்தால் போதும், கண்ணாடி நாரை விரித்து ரெசினைத் தடவிப் படகு படகாக எடுத்துக்கொண்டே இருக்கலாம். புதிதாக முளைத்த பட்டறைகள் பல. சில இடங்களில் போனதைவிட அதிகமான படகுகள் வந்து இறங்கின. நார் அடுக்கைக் குறைத்து ரெசினை மிச்சம்பிடித்த படகுகளும் அதில் இருந்தன. வெளியே பளபளப்பு ஒன்றுதான், உள்ளே எத்தனை அடுக்கு என்று மேலே பார்த்தால் தெரியாது. துடுப்பும் பாயும் போதும் என்றிருந்தவருக்கு எஞ்சினும் எண்ணெய்ச் செலவும் சேர்ந்தே வந்தன.

ஃபைபர் மட்டமான பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. சரியாகப் போட்டால் அருமையான பொருள். மீனவர்கள் ஏமாந்துபோய் அதற்கு மாறவில்லை. பெரிய மரம் கிடைப்பது அருகிவிட்டது, எஞ்சின் வைத்துத் தூரம் போக வேண்டியிருந்தது, பராமரிப்பும் குறைவு. அவர்கள் காரணத்தோடுதான் மாறினார்கள். தப்பு எங்கே என்றால், ஒரே அச்சில் வார்த்ததை எந்தக் கரைக்கு, எத்தனை பேருக்கு, எந்த வலைக்கு என்று கேட்காமலே இறக்கியதில்.

கேட்டுச் செய்தவர்களும் இருந்தார்கள், அதுவும் கன்னியாகுமரி மாவட்டத்தில், எங்களிடமிருந்து எட்டும் தூரத்தில். முட்டத்தில் 1980களில் இயங்கிய படகுக் கட்டும் நிலையத்தில் பெல்ஜியத்துக்காரரான பியர் ஜில்லே மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் படகுகளைக் கட்டிப் பார்த்தார். ஒற்றை மரத்தைக் குடைந்து வள்ளம் செய்யத் தக்க பெருமரங்கள் அரிதாகி விலை ஏறிக்கொண்டிருந்த காலம். பிளைவுட்டை வெட்டி, ஓரங்களைக் கம்பியால் தைத்து, மூட்டில் பசையும் நாரும் வைத்து இறுக்கும் முறை. தையல் என்ற பழைய யோசனை புதிய பொருளில் திரும்ப வந்தது என்றுகூடச் சொல்லலாம். அந்த அனுபவத்தை அவர் 1985இல் புத்தகமாக எழுதினார். தலைப்பு ‘ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்’. சிறியதே அழகு என்று ஷூமாக்கரைப் படித்துவிட்டு உலகமே பேசிக்கொண்டிருந்தபோது, சிறியது கஷ்டம் என்று தலைப்பு வைத்தார் பாருங்கள், அதில் இருக்கிறது நேர்மை. சின்னப் படகை வடிவமைப்பது கஷ்டம். அதை உட்கார்ந்து ஓட்டப்போகிறவரிடம் காட்டி, திட்டு வாங்கி, மாற்றி, மறுபடி கொண்டுபோய்க் காட்டுவது அதைவிடக் கஷ்டம். டெண்டரில் அந்தக் கஷ்டத்துக்கு ஒரு வரி கூட ஒதுக்குவது இல்லை.

‘ஒரு படகுக்கு இவ்வளவு பேச்சா?’ என்று இந்த இடத்தில் யாராவது சலித்துக்கொண்டால், எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் தேக்கடிக்குக் கூட்டிப்போவேன். 2009 செப்டம்பர் 30. முல்லைப்பெரியாறு நீர்த்தேக்கத்தில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்கு ஃபைபர் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விடுவதற்கு ஆரம்பித்து இரண்டு மாசம்கூட ஆகாத புத்தம்புதுப் படகு. கரையில் விலங்கைப் பார்க்க ஜனங்கள் ஒரு பக்கமாக நகர்ந்தபோது சாய்ந்தது. காட்டு விலங்கைக் காட்டுவதற்கென்றே விடுகிற படகில், ஜனங்கள் விலங்கைப் பார்க்க ஒரு பக்கம் ஓடுவார்கள் என்பது எதிர்பாராத விஷயமா? உயரத்தில் பாரம் ஏற்றினால் சீக்கிரம் சாயும் என்பது தலையில் குடம் வைத்து நடந்தவர்களுக்கெல்லாம் தெரியும். 2023 மே 7ஆம் தேதி தானூரில் மறுபடி: மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு, 22 பேர். எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்கு அல்லாத வேலைக்குப் படகை இழுத்தால் அது எப்படிப் பழிவாங்கும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இனி எங்கள் தண்ணீருக்கு வருவோம். குறை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிற கட்டுரை எனக்கும் பிடிக்காது.

குற்றாலத்துக்கு ஆனி, ஆடிச் சாரல். எங்கள் கண்மாய்களுக்கு ஐப்பசி, கார்த்திகை. பெய்தால் ஓரிரு நாளில் மலையோடை மொத்தமும் இறங்கி, கண்மாய் பெருகி, மறுகால் பாய்ந்து, தெருவுக்குள் வரும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் சேறு, அப்புறம் கிரிக்கெட் கிரவுண்ட். ஆக, எங்கள் படகு வருஷத்தில் பெரும்பகுதி தூங்க வேண்டும், எழுப்பிய அன்றைக்கே வேலை செய்ய வேண்டும். தண்ணீர் ஆழம் இடுப்பளவு இருக்கும், திடீரென்று ஓடைப் பள்ளத்தில் இரண்டு ஆள் ஆழம். அடியில் சகதி. தண்ணீருக்குள் கருவேல மரமும் சீமைக்கருவையும் முள்ளோடு நிற்கும், வெட்டிவிட்ட அடிக்கட்டை கண்ணுக்குத் தெரியாமல் ஈட்டி மாதிரி நிற்கும். மேலே ஆகாயத்தாமரை. கரையேற படித்துறை கிடையாது.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழியுங்கள். காற்றடிக்கிற ரப்பர் படகு: நகரத்துத் தெருவில் நல்ல பொருள், எங்கள் முள்ளில் ஒரு மணி நேரம் தாங்காது. பின்னால் மோட்டார் தொங்குகிற படகு: ஆகாயத்தாமரை வேர் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும், நிற்கும். அடியில் கூரான முதுகெலும்பு வைத்த கடல் படகு: அலையைக் கிழிக்க வைத்தது அது, இங்கே அடிக்கட்டையில் மாட்டும், சேற்றில் சாயும். அன்னப்பறவை: கழுத்து மரக்கிளையில் மாட்டும், வேறென்ன சொல்ல.

மிச்சம் நிற்பது ஆரிகன்காரர்களும் பரிசல்காரர்களும் வந்துசேர்ந்த அதே இடம். தட்டை அடி, முன்பின் லேசாக மேல்நோக்கிய வளைவு, வெளியே சாய்ந்த பக்கச்சுவர். ஓட்டுவதற்குத் துடுப்போடு நீளமான மூங்கில் கழி. இடுப்பளவுத் தண்ணீரில் கழி ஊன்றித் தள்ளுவதைவிட நம்பகமான எஞ்சின் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அளவுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் 15 அடி, அடித்தள அகலம் 4 அடி. முனை குறுகுவதைக் கழித்தால் சுமார் 45 சதுர அடி. நாலு அங்குலம் அமிழ்ந்தால் 15 கன அடித் தண்ணீரை ஒதுக்கும். கன அடிக்கு 28 கிலோ என்று வைத்தால் 420 கிலோ. படகின் எடை 100 கிலோ போனால் ஐந்து பேரை நாலு அங்குலத் தண்ணீரில் கொண்டுபோகலாம். நாலு பேர் தூக்கலாம், டிராக்டர் டிரெய்லரில் போடலாம், சந்துக்குள் திருப்பலாம். எட்டாம் வகுப்பு ஆர்க்கிமிடீஸ்தான் இது. எந்தக் கேட்லாக்கிலும் இந்தக் கணக்கை உங்கள் கண்மாய்க்குப் போட்டுத் தரமாட்டார்கள்.

பொருளுக்கு வருவோம். முழுப் பலகை: காய்ந்து சுருங்கும், ஆகாது. ஃபைபர்: நன்றாகவே ஆகும், ஆனால் இந்த வடிவத்துக்கு அச்சு வேண்டும், ஒரே ஒரு படகுக்கு அச்சு செய்வது படகைவிடச் செலவு. அதனால்தான் ஃபைபர்காரர் தன்னிடம் இருக்கிற அச்சை நம் தலையில் கட்டுவார். அலுமினியம்: முள்ளுக்கும் கட்டைக்கும் அஞ்சாது, கரையான் தொடாது, வெயிலில் கிடக்கும். ஆனால் அதைச் சரியாக வெல்டு வைக்கிற கை எல்லாப் பட்டறையிலும் கிடைக்காது. பிளைவுட்: சுருங்காது, அச்சு வேண்டாம், ஊர்த் தச்சரே வெட்டலாம். ஆனால் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, ஐ.எஸ். 710 முத்திரை இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அடுக்கு பிரிகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். அடிப்பாகத்துக்கு எபாக்ஸியில் நனைத்த கண்ணாடி நார்த்துணி ஒரு போர்வை. விலை குறைவு என்று பாலியெஸ்டர் ரெசின் தடவினால் மரத்தை விட்டு உரிந்து வரும். இருக்கைக்கு அடியில் அடைத்த அறைகளில் நுரைக்கட்டி, நிரம்பினாலும் மூழ்காமல் இருக்க. கட்டுமரத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அந்த ஒன்றுதான், அதன் வடிவம் இங்கே வேண்டியதில்லை.

என் ஓட்டு பிளைவுட்டுக்கு. அதற்கு எதிரி கரையான். ஆகவே தரையில் வைக்காமல், கூரைக்கடியில், சட்டத்தில் கவிழ்த்துத் தொங்கவிட வேண்டும். அலுமினியம்தான் சரி என்று நீங்கள் என்னோடு மல்லுக்கு நின்றால் எனக்குச் சந்தோஷமே. அந்த மல்லுக்கட்டு ஊரில் நடக்க வேண்டும் என்பதற்குத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

“எல்லாம் சரி அண்ணாச்சி, நம்ம ஊர்ல யாரு கட்டுவா?” என்று கேட்பீர்கள். தெப்பத் திருவிழாவுக்குக் காலி டிரம்மையும் கட்டையையும் பிணைத்து சாமியையே மிதக்கவிடுகிற ஜனங்கள் நாம். கரும்பு லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நிலையும் கதவும் இழைக்கிற தச்சர்கள் இருக்கிறார்கள். கண்மாயில் லாரி டியூபிலும் தெர்மாகோல் கட்டியிலும் உட்கார்ந்து வலை விரிக்கிற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். எந்த இடத்தில் கட்டை நிற்கிறது, எங்கே பள்ளம் என்று இந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி அவர்களைவிட அறிந்தவர் யார்? படகு முடிவுசெய்கிற கூட்டத்தில் முதல் நாற்காலி அவர்களுக்குப் போட வேண்டும். போடமாட்டார்கள். அதற்குக் காரணம் பணம் இல்லை. டியூபில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவரிடம் போய் ‘அண்ணே, அடி எவ்வளவு அகலம் வைக்கட்டும்’ என்று கேட்க நம் படிப்பு நம்மை விடுவதில்லை. முட்டத்துக்கு வந்த பெல்ஜியத்துக்காரருக்கு அந்தக் கூச்சம் இல்லாமல் இருந்தது.

செலவு கூடும் என்பார்கள். கூடட்டும். ஊரில் கட்டிய படகு உடைந்தால் ஊரில் ஒட்டலாம், கட்டிய ஆளுக்கு அதன் ஒவ்வொரு மூட்டும் தெரியும். எங்கிருந்தோ வந்திறங்கிய படகில் விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தால் போன் நம்பரைத் தேட வேண்டும். பழுது பார்க்கத் தெரியாத பொருளுக்கு நாம் சொந்தக்காரர்கள் ஆவதே இல்லை, வாடகைக்கு வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

ஆகவே கேட்க வேண்டியவை நாலே நாலு. உங்கள் ஊரில் படகு, பம்ப், பாலம் எது வாங்கினாலும் கேளுங்கள். எந்தத் தண்ணீருக்கு, அதன் ஆழமும் அடியும் அளந்தீர்களா? எத்தனை பேர், அவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் என்ன ஆகும்? வேலை இல்லாத பத்து மாசம் எங்கே, எப்படி வைப்பீர்கள்? உடைந்தால் ஒட்டப்போகிற ஆள் யார், அவர் பெயரை இந்தத் தாளில் எழுத முடியுமா? நாலுக்கும் பதில் இல்லாத தாளில் யார் கையெழுத்துப் போட்டாலும் அது படகுக்கான உத்தரவு ஆகாது. அடுத்த ஐப்பசிக்குள் வாசுதேவநல்லூரில் யாராவது அப்படி ஒரு தாளை நீட்டினால், நாலாவது கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள்.